இல்லாத காலில் நாடி பார்த்தவர்

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு,

அக்கா லோரீன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டெக்சாஸ் வெயில் எப்படி இருக்கிறது? எண்ணெய்க் கிணற்று வேலையில் உன் முதுகுவலி கூடாமல் இருக்கிறதா? இங்கே ஒரு வாரமாக மழை, ஓடைப் பாலம் மறுபடி மூழ்கிவிட்டது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

முதலில் நல்ல செய்தி. மருத்துவக் குறியீட்டுப் பரீட்சையில் தேறிவிட்டேன். டாக்டர் எழுதும் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறி எண்ணைப் போடுகிற வேலை அது. முதல் தடவை தோற்றேன், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம். அதன் வாலில் 'பயிலுநர்' என்பதற்கு ஓர் எழுத்து தொங்கும், இரண்டு வருஷம் வேலை பார்த்தால்தான் உதிருமாம். தொங்கிவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் அள்ளிப் போடுகிறவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் எதற்கு இது என்று எல்லோரும் கேட்டார்கள். நல்ல வேலை கிடைக்கும் என்று சொல்லி வைத்தேன். பொய். டாக்டர் கெசிங்கருக்காகத்தான் படித்தேன்.

அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம் அவள் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு அவருடைய கிளினிக்குக்குப் போனேன். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, "லோரீன், வாங்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க? இதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறதுக்குன்னு தனியா ஆளுங்க இருக்காங்க. நீங்க போய் அடுப்பைப் பாருங்க" என்றார். பதிவேட்டை விடாமல் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அந்தச் சிரிப்பை இரண்டு வருஷமாக வயிற்றில் வைத்திருந்தேன்.

பரீட்சைக்குப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம். தலையணை தலையணையாக மூன்று. ஓரத்தில் கையால் எழுதியிருக்கலாம், ஆனால் ஒரு துண்டுச் சீட்டுகூட உள்ளே இருக்கக்கூடாது. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் ஒவ்வொன்றையும் தலைகீழாக உதறிப் பார்த்தாள். என் புத்தகத்தில் 'நோயாளி மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்ற குறி உள்ள பக்கம் தானாகவே திறந்துகொண்டது. ஓரத்தில் 'ஓபல்' என்று அம்மாவின் பெயரை எழுதியிருந்தேன். "இது யாருங்க? தொழிலுக்கு வேண்டிய குறிப்பு மட்டும்தான் இருக்கணும்" என்றாள். "இதுவும் தொழில் குறிப்புதாங்க. ஒரு டாக்டர் எப்படித் தப்புப் பண்ணுவார்னு ஞாபகம் வெச்சுக்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

சான்றிதழ் வந்த அன்று பதிவேட்டை எடுத்து மேசையில் பரப்பினேன். பத்தொன்பது தடவை அம்மா அங்கே போயிருக்கிறாள். பத்தொன்பதிலும் 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்ற அதே குறி. அதே வாக்கியங்கள், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. பழைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டித் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார். இப்போது இதைக் கேள். ஜூன் மாதம் சர்க்கரை வியாதி முற்றி அம்மாவின் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள் இல்லையா? செப்டம்பர் குறிப்பில், 'இரண்டு பாதங்களும் பரிசோதிக்கப்பட்டன, இரண்டிலும் நாடி நன்றாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சமையலறையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன், அது வேறு.

மறுநாளே போனேன். அன்றும் உட்கார இடமில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "டாக்டர், எங்கம்மாவோட இல்லாத கால்ல நாடி எப்படி இருந்துச்சு?" என்றேன். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். நான் குடிக்கவில்லை. பதிவைத் திருத்தக் கோரும் மனுவை நீட்டினேன். அறுபது நாளில் எழுத்தில் பதில் தரவேண்டும், அது சட்டம். முழுவதும் படித்தவர் மெல்லத் தலையைத் தூக்கி, "உயில் பொறுப்பாளர் உங்க தம்பிதானே? அவர் கையெழுத்து இல்லாம இது செல்லாது. முதல்ல அவர் போடுவாரான்னு கேட்டுப் பாருங்க" என்றார். பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். குறியை மாற்ற வேண்டுமானால் பதிவேட்டில் ஆதாரம் காட்டவேண்டும். ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். முதல் வருகையில் நர்ஸ் கைப்பட எழுதிய மூன்று வரி. 'மருந்துப் புட்டியில் உள்ள எழுத்தைப் படிக்க முடியவில்லை என்கிறார். இதுவரை ஞாயிறுதோறும் மகன் மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வைப்பாராம். மகன் வெளியூர் போய்விட்டார்.' அதை டாக்டர் அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது என் மனுவில் படித்ததும், அந்த மகனே கையெழுத்துப் போடமாட்டான் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

நீயோ, அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பிடும்போது, கோழித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா பிடிவாதக்காரி. மருந்து சாப்பிடாம தானே தேடிக்கிட்டா" என்று அத்தனை பேரிடமும் சொன்னாய். யாரும் மறுக்கவில்லை. எனக்கு அன்று மறுக்கத் தெரியவில்லை. இன்று தெரியும்.

அம்மாவுக்குரிய சரியான குறியைக் கண்டுபிடித்துவிட்டேன் தம்பி. 'வீட்டில் உதவி தேவை, செய்ய ஆளில்லை.' இப்படியும் ஒரு குறி இருக்கிறது, நம்புவாயா? பதினொரு மைல் தள்ளி இருந்துகொண்டு, ஒரு சின்னச் சண்டைக்காக ஒன்றரை வருஷம் எட்டிப் பார்க்காத எனக்கும் சேர்த்துத்தான் அது. என்னை நான் விட்டுவிடவில்லை. உன்னையும் விடமாட்டேன்.

மனு இத்துடன் இருக்கிறது. நர்ஸ் எழுதியதன் நகலை மேலே வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படி. நீ கையெழுத்துப் போட்டால் டாக்டர் செய்தது வெளியே வரும், நீ செய்ததும் வரும். போடாவிட்டால் நாம் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வோம், அம்மா மட்டும் பிடிவாதக்காரியாகவே அந்தக் காகிதத்தில் இருப்பாள். தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு வெர்லின். கெஞ்சிக் கேட்கிறேன்.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். மருந்துப் புட்டியில் இருக்கிற எழுத்தைக் கடைசிவரை நீயே படித்துக்கொள்ள நல்ல கண்களையும் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
லோரீன் ஸ்டாம்பர்