எழுபதில் நின்ற பெட்டி

தை, வெள்ளி.
புயலில் ரயில் பாதை அந்தரத்தில் தொங்கியதே, அந்தக் கார்த்திகை கழிந்து வந்த தை. காலையில் பனி, பத்து மணிக்கு வெயில். தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையைத் திறந்தேன், கூட்டினேன். மூலையில் கம்ப்யூட்டர் பெட்டி. பச்சை விளக்கு எரிகிறது. மெயில் மட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

ராக்கம்மா, லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்தவள், என் வயது. எழுபதுகளில் வந்த பஞ்சத்துக்கு அடுத்த வருடம் இந்தியாவுக்குக் கப்பலேறியவள். இப்போது கூடலூரில். அவள் பேரன் டெலிபோன் நம்பரை மாற்றிவிட்டான், மெயில் மட்டும் பழையது. இங்கே மலை சரிந்ததை அங்கே டிவியில் பார்த்திருப்பாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று வாரம் ஒரு தடவை சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்புகிறேன். பதில் இல்லை. மண்ணுக்குள் போய்விட்டேன் என்றே நினைத்திருப்பாள்.

சனி.
மழை. சுமதி கொழும்பிலிருந்து பேசினாள். பெட்டியை வைத்துக்கொடுத்தவள், இந்தத் தோட்டத்துப் பிள்ளை. அங்கிருந்தபடியே பெட்டிக்கு உள்ளே நுழைய முடியவில்லையாம். மெயில் வேலை செய்கிற மென்பொருளை என் கையால் புதிதாகக் கட்டப் பார்க்கிறாள். முதியோர் வகுப்பில் படித்த தமிழ் இந்த நோட்டுக்குப் போதும். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இலக்கம் தெரியும், கொழுந்து நிறுத்துப் பழகியது. எழுத்துக்கு உருவம் சொல்வேன்.

"என்ன வந்திருக்கு மாமா?"

"மூணு பல்லு சீப்பு. வளைஞ்ச கொழுந்து ரெண்டு. முட்டை. மறுபடி ஒரு கொழுந்து. பெறகு இலக்கம் ரெண்டு."

"எரர் ரெண்டு. பிழைன்னு சொல்லுது. என்ன பிழைன்னு சொல்லலையே."

ஞாயிறு.
மூன்று தடவை கட்டினோம். மூன்று தடவையும் சீப்பு, கொழுந்து, முட்டை. வெளியே தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள்.

"கெழவன் பொட்டிகிட்ட சீப்பு, முட்டைன்னு பேசிக்கிட்டு கெடக்கு."

"கட போடப் போகுதோ என்னமோ."

பகலில் ரொட்டி. மிளகாய் இடித்த கட்டச் சம்பல். பேச ஆளில்லை.

திங்கள்.
சுமதிக்குச் சலிப்பு. "அதுக்கு மேல ஒண்ணுமே இல்லையா மாமா?"

"மேலயா? நெறைய ஓடுது. கடைசி வரியைத்தானே சொன்னேன்."

"ஏன் கடைசி வரி மட்டும்?"

"நிறுவைத் துண்டுல கடைசி வரிதானே மொத்தம். மேல உள்ளத யாரு பாப்பா?"

சுமதி சிரித்தாள். மேலே உள்ள இலக்கங்களைப் படிக்கச் சொன்னாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. எல்லா வரியிலும் எழுபது.

புயலில் கரண்ட் போனபோது பெட்டி வருடத்தை மறந்துவிட்டதாம். உள்ளே சின்ன பேட்டரி செத்திருக்கும். எழுபதில் நின்றுகொண்டு, இன்றைய தேதி போட்ட தாளைக் காட்டினால் 'இது இன்னும் பிறக்கவே இல்லை' என்று தள்ளுகிறது. மூன்று நாள் வீண். என்னால்.

செவ்வாய்.
தலவாக்கலை. பஸ்ஸில் நின்றே போனேன். கடிகாரம் திருத்துகிற முஸ்லிம் நானா கடை. சின்ன பேட்டரி கேட்டேன்.

"எந்த மணிக்கூட்டுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு, நானா."

"உங்களுக்கு எதுக்கு கம்ப்யூட்டர், பொண்ணு பாக்கவா?"

காசு மாதிரி வட்டமாக ஒன்று கொடுத்தார். திரும்பி வந்து, சுமதி சொல்லச் சொல்லப் போட்டேன். இன்றைய தேதியைக் கொடுத்தோம். கட்டினோம். சீப்பு வரவில்லை. மெயில் ஓடத் தொடங்கியது.

ஆனால் நான் பேசி அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஐந்து நாளில் போகாவிட்டால் திருப்பிவிடுமாம். எழுபது என்று முத்திரை குத்திக் கிடந்ததால், ஐம்பத்தாறு வருடம் காத்துக் கிடந்த கடிதம் என்று கணக்கெடுத்திருக்கிறது.

"அதையே மறுபடி அனுப்பிடவா மாமா?"

வேண்டாம் என்றேன். புதிதாகப் பேசி அனுப்பினேன். பெயரைச் சொல்லவும் மறந்துவிட்டேன்.

வியாழன்.
பனி. பத்து மணிக்கு மெயிலில் ராக்கம்மா குரல். இளைத்த குரல்.

"யாரு பேசுறது? குரலு அது மாதிரிதான் இருக்கு. பேரன் என்னைய சமாதானப்படுத்த யாரையாச்சும் பேச வச்சிருக்கானோ. அவனுக்குக் காரியம்கூட செஞ்சு முடிச்சாச்சு. நெசமா நீயின்னா, நம்ம லயத்துல நாங்க இருந்தப்ப எந்தக் காம்பராவுல யாரு, இப்ப இருக்காங்களா இல்லையான்னு வரிசையா சொல்லு. அப்பத்தான் நம்புவேன்."

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஒன்று, சின்னான். இல்லை. இரண்டு, வீரம்மா. இல்லை. மூன்று, சவரிமுத்து, பெண்சாதி, மூன்று பிள்ளைகள். இல்லை. நான்கு, தப்பு மேளக்காரர் பெருமாள். இல்லை. ஐந்து, உன் வீடு. பூட்டு. ஆறு, காளிமுத்து. இருக்கிறேன்.