காதிலிருந்து எடுத்த கல்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே அனல் காற்று. கூலரில் தண்ணீர் இல்லை. நிரப்ப வேண்டும்.

மச்சான் சேதுவின் மகன் கார்த்திக் ஜனக்புரியிலிருந்து பெட்டியோடு வந்திறங்கினான். விமானப்படைத் தேர்வில் தேறிவிட்டான். வெள்ளிக்கிழமை மெடிக்கல். அது நடக்கும் கன்டோன்மென்ட் இங்கிருந்து பக்கம். அதனால்தான் சரோஜினி நகரில் ஓர் அத்தை இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. சேது தன் புதுவீட்டு விழாவில் வங்கி நண்பர்களிடம் என்னைக் காட்டி, "எங்க மாப்ள. இன்னும் அசிஸ்டெண்டாவே இருக்கார்" என்றவர். மறக்கவில்லை.

சாப்பிடும்போது பையன் என் இடப்பக்கமிருந்து ஏதோ கேட்டான். அந்தக் காது எனக்குக் கேட்காது. "மாமாவுக்கு மோனோதான் அத்தை, ஸ்டீரியோ இல்ல!" வசந்தா சிரித்தாள். கட்டிய மனைவி.

ஜூன் 4, செவ்வாய்

பல்பு. ரேஷன் சர்க்கரை. நல்ல கீரை கிடைத்தால் கீரை.

காது அழுக்கை எடுத்துவிட்டு வரச் சொல்லி மெடிக்கல் கடிதத்தில் இருக்கிறதாம். கார்த்திக் துரை வசந்தாவின் ஹேர்பின்னால் குடைந்துகொண்டிருந்தார். பி.எஸ்சி. இயற்பியல். ஒலி அலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன்.

"காது டாக்டர்கிட்ட போ. அவர் பார்த்துதான் எடுக்கணும்."

"இதுக்கெல்லாமா டாக்டர்? டென்ஷன் மத் லோ மாமா, கவலைப்படாதீங்க."

ஒரு முறைக்கு மேல் சொல்வது என் வழக்கமில்லை.

ஜூன் 5, புதன்

நண்பர்களோடு கன்னாட் பிளேஸ் போனவன் முகமெல்லாம் பல்லாக வந்தான். பார்க்கில் சிவப்புத் தலைப்பாகையோடு திரியும் காது குடையும் ஆளிடம் காதைக் கொடுத்திருக்கிறான். காகிதத்தில் மடித்து ஒரு கல் வேறு.

"பாருங்க மாமா, காதுக்குள்ள இருந்துச்சு! அந்த ஆள் ஒரே இழுப்புல எடுத்துட்டார். சுரீர்னு வலிச்சுது, அவ்ளோதான்."

அந்த ஆட்கள் கல்லை விரலிடுக்கில் ஒளித்து வைத்திருப்பார்கள். டில்லியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியவில்லை.

"பலே. பெரிய கல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லு" என்றேன். சொன்னான். ஜனக்புரியிலும் ஒரே மகிழ்ச்சி. இரவு இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. பையனுக்கு வலது காதில் வலி. தலையணையில் ரத்தம் கலந்த நீர். வசந்தா பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினாள்.

"ஊத்தாதே. உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கும்."

"ஆமா, பெரிய டாக்டர்! உங்க காதையே உங்களுக்குக் காப்பாத்திக்கத் தெரியல."

ஊற்றினாள். அலறினான். நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

தகுதியில்லை. செவிப்பறையில் ஓட்டை.

மறுபரிசோதனைக்கு ஒரே ஒரு வாய்ப்பு உண்டாம். அதற்குள் ஓட்டை மூட வேண்டும். மூடாவிட்டால் விமானத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

போனில் சேது. அழுகை. "நீங்க வீட்ல இருந்துமா மாப்ளே? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அசிஸ்டெண்டுக்கு என்ன தெரியும் மச்சான்?"

இதைச் சொல்ல எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

வசந்தா சமைக்கவில்லை. பிரெட்.

ஜூன் 8, சனி

புழுதிக் காற்று. சேது கெஞ்சியதால் பையனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதான சர்தார்ஜி. விளக்கை வைத்துப் பார்த்தார். பார்க் ஆள், ஹேர்பின், எண்ணெய் எல்லாம் கேட்டுக்கொண்டார். "என்ன படித்திருக்கிறாய்?" என்றார் இந்தியில். பி.எஸ்சி. என்றான். "ஷாபாஷ்!"

மருந்து வாங்க அவனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகாமல் இருந்தால் இப்படிப்பட்ட கிழிசல் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். பையன் மிகவும் பயந்திருக்கிறான், சொல்லித் தேற்றுங்கள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். குளிக்கும்போது காதில் பஞ்சு வை, எண்ணெய் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தாதே. இவ்வளவும் சொன்னேன். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தான்.

"மூடிடுமா மாமா?"

தெரியாது என்றேன்.