அகர வரிசையில் முதல் பெண்

ஆகஸ்ட் 18, திங்கள்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். யாரிடமும்.

வரும் ஞாயிறு திருமுக்கூடலிலிருந்து தட்டு மாற்ற வருகிறார்கள். நான் பதினொன்றாம் வகுப்புதான் படிக்கிறேன்.

ஒரே நம்பிக்கை மோகனா டீச்சர். போன வாரம் பெண்களுக்கெல்லாம் ஒரு தாள் கொடுத்தார். வீட்டில் உன் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்களா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, தினமும். நான் 'அடிக்கடி'யில் டிக் போட்டேன். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில், ஆர் (R) என்ற நிரல் மொழியில் ஏற்றியதும் நான்தான். ஒவ்வொரு பதிலுக்கும் அது ஒன்று முதல் நான்கு வரை எண் போடும்; மூன்று, நான்கு என்று வருகிறவர்களின் வீட்டுக்கு டீச்சர் போய்ப் பேசுவார்.

ஆகஸ்ட் 19

டீச்சர் வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சுதா வீட்டுக்குப் போயிருக்கிறார்! 'ஒருபோதும் இல்லை' போட்ட சுதா வீட்டுக்கு!

"இன்னாடி இது, எனக்குக் கல்யாணமாம், எனக்கே தெரியாது! டீச்சர் மாப்ள போட்டோவாவது எடுத்துக்கினு வந்திருக்கலாம்."

வகுப்பே சிரித்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

தப்பு என்னுடையதுதான். எது பெரிது, எது சிறிது என்று நாம் சொல்லாவிட்டால் ஆர் அகர வரிசையில் அடுக்கிக்கொள்ளும். அடிக்கடி ஒன்று. எப்போதாவது இரண்டு. ஒருபோதும் இல்லை மூன்று. தினமும் நான்கு. 'லெவல்ஸ்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். லேபில் கெட்டிக்காரி என்று பேர் வேறு! என்னை நானே அடியில் தள்ளியிருக்கிறேன்.

சாப்பிடும்போது அப்பா சுதா வீட்டுச் சேதியைச் சொன்னார். "நம்ம வூட்டுக்கு எந்த டீச்சராவது வரட்டும், எழுதிக் குடுத்தவ கால ஒடிச்சிடுறேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மா குழம்பு ஊற்றினாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டீச்சரிடம் தப்பைச் சொல்லிவிட்டு லெவல்ஸ் எழுதினேன். இரண்டே நிமிடம். புதிதாக ஏழு பேரின் ரோல் எண்கள் மேலே ஏறின. ஒன்று என்னுடையது.

"சீக்கிரம்மா, இன்னிக்கே போயிட்டு வந்துடுறேன்" என்று டீச்சர் வாசலில் நின்றார்.

என் எண்ணுக்கு நேரே இருந்த 'அடிக்கடி'யை அழித்தேன். 'ஒருபோதும் இல்லை' என்று அடித்தேன்.

ஏன் செஞ்சேன்? அப்பா நிஜமாவே கால ஒடிப்பாரு — அதான்.

ஆறு எண்களைக் கொடுத்தேன். "வெரி குட்" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

குழாயடியில் கனகா, அந்த ஆறு பேரில் ஒருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் போய்ப் பேசியதில் அவள் கல்யாணம் நின்றுவிட்டது. பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டாராம்.

"உங்க வூட்டுக்கு டீச்சர் எப்போடி வராங்க?"

"எங்க வூட்ல அந்தப் பேச்சே இல்ல."

குரல்கூட நடுங்கவில்லை. இவ்வளவு சுலபமா எனக்குப் பொய் வருமா?

இப்போது வரிசையில் ஒரு தப்பும் இல்லை. அதனால் யாரும் வரமாட்டார்கள். திங்கட்கிழமை டீச்சரிடம் சொல்லிவிடலாமா? திங்கட்கிழமை சொல்லி என்ன

கதவு தட்டுகிறார்கள். அம்மா. "சசி, தெறடி. வளையல் அளவு பாக்கணும், கைய