அக்கா கையெழுத்துப் போடாத பாட்டு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் எங்கேயாவது உட்கார்ந்துகொள். வேனுக்குள் இருந்தால் என்ஜினை அணைத்துவிடு. நின்றுகொண்டு படிக்கிற சேதி இல்லை இது.

கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது! ஏதோ சில்லறைக் கம்பெனி என்று நினைக்காதே. உன் வேன் ரேடியோவில் ஓடுகிற பாட்டில் பாதி இவர்களுடையதுதான். ஒன்பது பாட்டு, முழு ஆல்பம், அட்டையில் என் மூஞ்சி. பேர் 'வாயாடி' என்றே வருகிறது. "வேற நல்ல பேரா யோசிக்கலாமே" என்று அங்கே ஒரு அம்மாள் இழுத்தார். "எங்கப்பா வச்ச பேருங்க, மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷமாகப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பீரோவுக்குள் தலையை விட்டு ராப் பாடினவன் நான். இங்கே சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. நான் எச்சில் விழுங்கினால்கூட சவுண்ட் என்ஜினியருக்குக் கேட்டுவிடுகிறது. "தம்பி, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வெளிவரப்போகிற பாட்டு 'ஏழாவது வார்டு'. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பத்தொரு நாளும், வார்டுக்குள் போன் பேசக் கூடாது என்று நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எழுதிப் போட்டாயே, அந்தக் கடிதங்களை வைத்துத்தான் எழுதினேன். "வரியெல்லாம் உங்களோடதுதானா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாதி எங்கக்கா லெட்டர்ல இருந்து எடுத்தது" என்றேன். அப்படியானால் உன் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். பத்திரம் இத்துடன் இருக்கிறது. பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கிற மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு மார்ச் பத்துக்குள் அனுப்பிவிடு. பாட்டை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு அழுதால் நான் பொறுப்பில்லை.

உன் தம்பி,
இனிமேல் பெரிய ஆள்


பிப்ரவரி 15

அன்புத் தம்பி வாயாடிக்கு,

பள்ளிக்கூட வாட்ச்மேனில் தொடங்கி, டயருக்குக் காற்றடிக்கிறவர் வரை எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. என் வேனில் வருகிற பதினாலு வாண்டுகளும் "வேன் அக்கா தம்பி டிவில வருவாரா?" என்று என் காதைத் தின்கிறார்கள். உனக்குத்தான் அக்கா ஞாபகம் வர ஒரு பத்திரம் தேவைப்பட்டிருக்கிறது. போன மாதம் முழுக்க ஒரு வரி இல்லை. நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து போனது, கேட்க நாதி இல்லை. சரி, போகட்டும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை மதிலோரம் நிறுத்தி, பாட்டைக் கேட்டேன். நன்றாக இருக்கிறதுடா. பொய்யில்லை. உன் பாட்டைக் கேட்டு "இவன் பாடறானா, ஏலம் விடறானா?" என்பாரே அப்பா, அவரே வாயடைத்துப் போயிருப்பார்.

ஆனால் இந்த இடம்:

'சொட்டுச் சொட்டா இறங்குது மருந்து, எண்ணிக்கிட்டே இருந்தேன்,
கெட்டிக்காரன் அப்பன் காலை மடியில வச்சிருந்தேன்.'

யாருடா இருந்தது? மருந்தை எண்ணியது, நகம் வெட்டியது, ராத்திரி முழுக்க இருமுகிற பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டை போட்டது, எல்லாவற்றையும் 'நான்' 'நான்' என்று நீ பாடுகிறாய். நாற்பத்தொரு நாளில் நீ ஒரு நாள்கூட வரவில்லை. வார்டு எந்த மாடி என்றுகூட உனக்குத் தெரியாது. அது மூன்றாவது மாடி. பாட்டில் முதல் மாடி என்று வருகிறது.

என் பேரைப் போடு என்று நான் கேட்கவில்லை. என் வரியை எடுத்துக்கொள், எனக்கு அது எதற்கு? ஆனால் நீ அப்பா பக்கத்தில் இருந்தாய் என்று உலகமே கேட்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கை வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

ராப்பில் 'நான்' என்றால் நான் மட்டும்தானா? ரோடு போடுகிறவரைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு "நீ எந்த ரோடு போட்டாய்?" என்று கேட்பாயா? இங்கே கேட்டவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். நீ மட்டும்தான் வருகைப் பதிவேடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

எனக்கு அப்போது ராப் போட்டி இருந்தது. உனக்கே தெரியும். அந்த மேடையில்தான் கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். அப்பாவைக் கேட்டிருந்தால் அவரே போகச் சொல்லியிருப்பார்.

இந்தப் பாட்டை நம்பித்தான் ஆல்பமே இருக்கிறது. இது இல்லையென்றால் "பார்க்கலாம் தம்பி" என்பார்கள். அவர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷ உழைப்பு. உனக்குப் பொறாமை என்று எழுதக் கூடாதுதான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

போட்டி, அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒன்பதாம் நாளே முடிந்துவிட்டது. பேப்பரில் உன் படம் வந்ததை அப்பாவுக்கு நான்தான் காட்டினேன். மீதி முப்பத்திரண்டு நாள் நீ எங்கே இருந்தாய்?

இதற்கு மட்டும் பதில் எழுது. பத்திரத்தை நான் கிழிக்கவில்லை.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

அறையில் இருந்தேன். வேறெங்கேயும் போகவில்லை.

தினமும் பையில் இரண்டு சட்டையை எடுத்து வைப்பேன். பஸ் நேரம் தாண்டினதும் திரும்ப எடுத்துக் கொடியில் போடுவேன். "இன்றைக்கு என்னைப் பார்த்து, யாரும்மா நீ என்றார்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். கூடவே இருக்கிற உன்னையே அப்படிக் கேட்டால், என்னை? அப்பா அப்படிக் கேட்டால் நான் தாங்க மாட்டேன் என்று பயந்தேன். நான் பயந்தாங்கொள்ளி அக்கா. போட்டி என்று சொன்னதெல்லாம் சாக்கு. நிஜத்தில் போகாத இடத்துக்குப் பாட்டிலாவது போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்கும் நீ விடவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே ஸ்டுடியோவுக்குப் போனேன். "இன்னொரு தடவை பாடணும் சார்" என்றேன். சவுண்ட் என்ஜினியர் ஏன் என்று கேட்காமல் விளக்கைப் போட்டார். இப்போது அந்த இடம் இப்படி வருகிறது:

'சொட்டுச் சொட்டா இறங்குச்சு மருந்து, எண்ணுனது எங்க அக்கா,
மட்டமான சாக்கு சொல்லி ஒளிஞ்சுக்கிட்டேன் பக்கா.'

கம்பெனி மானேஜர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஹீரோ ஓடிப்போற பாட்டை யாருப்பா கேப்பாங்க?" என்றார். இது முதல் பாட்டாக வராது. வந்தால் ஒன்பதாவதாக, கடைசியில் வரும். ஆல்பமும் அவர்கள் நினைத்த அளவுக்குப் பெரிதாக வராது. பத்தாம் தேதியை இருபதாக்கித் தந்திருக்கிறார்கள். நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் எட்டுப் பாட்டோடு வரட்டும். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. மாடியையும் மூன்றாக மாற்றிவிட்டேன். புதுப் பாட்டையும் உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பொறாமை என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு. காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது?

உன் தம்பி


மார்ச் 14

என் தம்பிக்கு,

காய்ச்சல் போய் ஒரு மாதமாகிறது. இப்போதாவது கேட்டாயே, மகராசன்!

புதுப் பாட்டை மூன்று தடவை கேட்டேன். இரண்டாம் தடவை அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகள் "அக்கா, கண்ணுல தூசியா?" என்று கேட்டார்கள். பத்திரத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாயிற்று. இத்துடன் இருக்கிறது, பத்திரமாக எடுத்துக்கொள்.

நீ உன் உண்மையைச் சொல்லிவிட்டாய். நான் என்னுடையதை இன்னும் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு உன்னைக் குற்றம் சொன்னது என்னை அறுக்கிறது.

அப்பா கண் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி "வாயாடி வந்தானா?" என்பதுதான். மூன்று நாள் "வருவான்ப்பா" என்றேன். போட்டி இருந்தவரை அதைச் சொல்லிச் சமாளித்தேன். பத்தாம் நாள் அவர் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வந்தாம்ப்பா. நீங்க நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. உங்க காலை மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் அதே பொய்தான். நான் செய்ததையெல்லாம் நீ செய்ததாகச் சொன்னேன். நகம் வெட்டினது நீ, போர்வை இழுத்துவிட்டது நீ. அதனால்தான் உன் பழைய பாட்டைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அப்பாவிடம் சொன்ன பொய் அப்படியே உன் குரலில் வந்தது. நான் அதை உனக்கு எழுதினதே இல்லையே!

அப்பா அதை நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசி வாரத்தில் ஒரு நாள் காலையில், முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல நினைவோடு இருந்தார். என் கையைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்:

"நேத்து அவன் வந்தப்ப நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். கண்ணைத் தொறந்தா எந்திரிச்சுப் போயிடுவானோன்னு, தூங்குற மாதிரியே கெடந்தேன்."

இதைப் பாட்டாக்கிவிடாதே. உனக்கு மட்டும் சொன்னேன்.

அக்கா