சிவராத்திரிக்கு வராத ராசா

செக்கானூரணி

அன்பு மகன் செல்வக்குமாருக்கு, ஒன்னைய வளத்த சித்தி ஒச்சாயி எழுதுறது. கருப்பன் புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் கைகாலோட நல்லா இருக்கோம், அங்க புனேயில நீயும் நல்லா இருக்கணும்னு வெளக்கேத்துறப்பல்லாம் கேட்டுக்கிறேன். போன்ல பேசுனா ஒன் சித்தப்பா ஸ்பீக்கர்ல போடுங்குறாரு, அதான் கடுதாசி. அவுக அப்பா வச்சிருந்த ரெட்டக்குழல் துப்பாக்கி பீரோவுக்குள்ள துருப்புடிச்சுக் கெடந்துச்சுல்ல, ரிட்டயர் ஆனதுலருந்து அதக் கட்டிக்கிட்டு அழுகுறாரு. துருவச் சொரண்டி, விரிசல் விட்ட கட்டைக்கு எண்ணெய் தேச்சு, எனக்கு ஒருநாள் தைலம் தேச்சதில்லப்பா அந்த மனுசன். சிவராத்திரிக்குச் சாமி நகைநட்டு வச்ச சாமிப்பெட்டி கோயிலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுத் துப்பாக்கி வெடிதான் மொத வெடி, அவுக அப்பா காலத்தோட நின்னுபோச்சு, திரும்ப நடத்தணும்னு ஒரே பிடிவாதம்.

மதுரையில துப்பாக்கி ரிப்பேர் பாக்குற முஜிபுர் ரஹ்மான் பாய் பாத்துட்டு, இது அந்தக் காலத்துல இரும்புப் பட்டைய முறுக்கிச் சுத்தி அடிச்ச குழலுண்ணே, இப்ப வர்ற தோட்டாவத் தாங்குமான்னு தெரியாது, கையில புடிக்காதீங்க, கட்டிவச்சுக் கயித்துல இழுத்துப் பாருங்கன்னாரு. போன வெள்ளிக்கெழம கம்மாக்கரையில டிராக்டர் டயர்ல வச்சுக் கட்டுனாக. நம்ம பூசாரி பேயாண்டி அண்ணன் அருவா நுனியில குத்துற பழக்கத்துல ரெண்டு குழல் வாயிலயும் எலுமிச்சம்பழத்தத் திருகிச் சொருகிட்டாரு. சித்தப்பா புடுங்குனாரு, ஆனா எடது குழலுக்குள்ள சக்கை அடச்சு நின்னத யாரும் பாக்கல. கரைக்குப் பின்னால படுத்துக்கிட்டுக் கயித்த இழுத்தாக பாரு, குழலு வாழப்பூ மாதிரி பிளந்துபோச்சுய்யா. பிளந்த எடத்துக்கும் கை புடிக்கிற எடத்துக்கும் ஒரு சாண்தான். அன்னைக்கிருந்து எனக்குச் சோறு எறங்கல, குக்கர் விசில் அடிச்சாலும் ஒடம்பு தூக்கிப் போடுது.

அதோட விட்டாரா? பழந்தான் குத்தம், வலது குழல் முழுசாத்தான இருக்கு, ஒண்ணு போதும்டிங்குறாரு. பாய் தலையில அடிச்சுக்கிறாரு, ரெண்டு குழலையும் ஈயத்துல சேத்துப் பத்தவச்சதுண்ணே, ஒண்ணு பிளந்தா இன்னொண்ணும் ஆடிப்போயிருக்கும்னு. சாமி எச்சரிக்கை குடுத்துருக்குங்கன்னு நான் சொன்னா, சாமி காப்பாத்திருச்சுல்ல, அப்ப வெடின்னுதான அர்த்தம்ங்குறாரு. இவருக்குச் சாமி இன்னும் எப்பிடித்தான் சொல்லும்?

லைசென்ஸ்ல ஒன் பேரையும் சேத்துருக்காரு தெரியும்ல. மொத வெடி ஏம் மகன் கையாலதான், அவன் வராம யாரும் துப்பாக்கியத் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன்னு குழலு பிளந்த மறுநாளு கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. அத மட்டும் மீறமாட்டாரு, அம்புட்டுப் பயம். அதான் ராசா, தீவாளிக்கு வரல பொங்கலுக்கு வரலன்னு ஒன்னையத் திட்டுன இதே வாயால சொல்றேன், சிவராத்திரிக்கு வராத. லீவு கெடச்சாலும் வராத. அவரு அழுதாலும் வராத, சித்திக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னா நம்பாத. நெசமாவே முடியாமப் போனாலும் சாமிப்பெட்டி திரும்புன பெறகு வா.

நேராநேரத்துக்குச் சாப்புடு, ராத்திரி வண்டி ஓட்டாத. துன்னூறு மடிச்சு வச்சிருக்கேன், பூசிக்க. கருப்பன் ஒனக்கு முன்னயும் பின்னயும் நிக்கட்டும். போன்ல இதப்பத்தி மூச்சு விட்டுறாத, ஸ்பீக்கர்லதான் இருக்கும்.

ஒன்னையப் பாக்கத் துடிச்சுக்கிட்டிருக்குற
சித்தி ஒச்சாயி