கட்டாமல் போன ஆறு தவணைகள்

மாமல்லபுரம்
28-8-2025

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

சம்பத் எழுதுவது. நானும் பிள்ளை கீர்த்தனாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நேற்று சதுர்த்திக்கு உன் அக்கா பொன்னி நெம்மேலியிலிருந்து கொழுக்கட்டை கொண்டுவந்தார். கீர்த்தனா பூரணத்தை மட்டும் தின்றுவிட்டு மாவை எனக்கு வைத்தாள்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசும்போது கீர்த்தனா பக்கத்தில் இருக்கிறாள். அவள் இல்லாதபோதும் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை ஆரம்பித்தேன். ஒருமுறை சிலிண்டர் விலையைப் பேசி முடித்துவிட்டேன். ரூத் லீவு முடிந்து சனிக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறாள். செங்கல்பட்டில் அவள் வீட்டுக்கே போய் இதைக் கொடுக்கப் போகிறேன். டியூட்டி முடிந்து அறைக்குப் போனபிறகு படி.

விஷயம் இதுதான். திருப்போரூர் மனைக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஆறு மாதம் நான் தவணை கட்டவில்லை. நீ மாதம் தவறாமல் முப்பதாயிரம் அனுப்பினாய். அதில் பதினாலாயிரம் மனைக்கு என்று ஒவ்வொரு முறையும் சொன்னாய். கட்டிவிட்டேன் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அது பொய்.

பணம் எங்கே போனது என்று கேட்பாய். குடியில்லை, சீட்டாட்டமில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். கார் ஓனர் ஓட்டக் கொடுத்தார் என்று உன்னிடம் காட்டினேனே ஒரு பைக், அது நான் லோனில் எடுத்தது. மாதம் ஐயாயிரத்து நானூறு. ஜனவரியில் பத்து நாள் நான் சவாரி ஓட்டும் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அந்த மாதம் பைக் தவணைக்கு நீ அனுப்பியதில் கைவைத்தேன். அடுத்த மாதம் இரண்டாகச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அதையே நினைத்தேன். நடுவில் போனிலேயே கடன் கொடுக்கும் ஒரு செயலியில் பதினைந்தாயிரம் வாங்கினேன். அது வேறு ஏறிக்கொண்டே போனது.

ஜூன் கடைசியில் மனை ஆபீசிலிருந்து உன் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. முப்பது நாளில் பாக்கியைக் கட்டாவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்று எழுதியிருந்தது. நான் சவாரிக்குப் போயிருந்தேன். கீர்த்தனாவைப் பார்க்க வந்திருந்த உன் அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நான் வந்ததும் கீர்த்தனாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கவரை என் முன்னால் வைத்தார். "இன்னா தம்பி இது? எந்தங்கச்சி அங்க நின்னுகினே காலு வீங்கிப்போயி சம்பாரிக்குது. நீ இங்க இன்னா பண்ணிகினு கீற?" என்றார். நான் பைக் வாங்கியதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீயா அவகிட்ட சொல்லு. நா சொன்னா அது வேற மாரி ஆயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். இரண்டு மாதமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் கோபப்படாதே.

மறுநாள் பீரோவில் இருக்கும் உன் சங்கிலியை எடுத்துக்கொண்டு அடகுக் கடை வாசல்வரை போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். காத்திருந்த நேரத்தில், இதை வைத்தால் உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன். சங்கிலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பைக்கை விற்றேன். பைக் லோனும் செயலிக் கடனும் அடைந்தது போக முப்பத்துநாலாயிரம் மிஞ்சியது. அதோடு மனை ஆபீசுக்குப் போனேன். ஆறு தவணையும் அபராதமும் சேர்த்து மொத்தம் தொண்ணூறாயிரம். மேனேஜர் முதலில் முடியாது என்றார். மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முப்பத்துநாலாயிரத்தை வாங்கிக்கொண்டு, மீதி ஐம்பத்தாறாயிரத்தை நாலு தவணையாகக் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். எழுதி, முத்திரை போட்டு வாங்கியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் தவணைகளின் ரசீதும் இருக்கிறது. என் வார்த்தையை நம்ப வேண்டாம், அவற்றைப் பார்.

அப்புறம் வங்கியில் ஆறு மாதக் கணக்கை எடுத்தேன். நாற்பத்தொரு பக்கம். மாமல்லபுரம் கார் பார்க்கிங்கில் சவாரிக்குக் காத்திருந்தபோது பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடைகளில் போனைக் காட்டிப் பணம் கொடுத்தது மட்டும் ஆயிரத்து நூற்றெழுபது முறை. முப்பது ரூபாய், நூற்றிருபது, இருநூற்றைம்பது. பாதி எதற்கென்று எனக்கே ஞாபகமில்லை. கூட ஓட்டுகிறவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது இருபத்தொன்பதாயிரம். அதில் திரும்பி வந்தது நாலாயிரத்து ஐந்நூறு.

இப்போது போனில் வேறொரு கணக்கை இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அதில் ஆயிரத்து ஐந்நூறு போடுவேன். என் டீ, சாப்பாடு, சில்லறைச் செலவு எல்லாம் அதற்குள்தான். தீர்ந்துவிட்டால் அடுத்த திங்கள்வரை வீட்டுச் சோறு. முதல் வாரம் புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. இப்போது சனிவரை வருகிறது. அதைத் தவிர சவாரிப் பணத்தில் தினம் இருநூறு ரூபாயை நம் இருவர் பெயரிலும் உள்ள செங்கல்பட்டு வங்கிக் கணக்கில் போடுகிறேன். ஜூலை ஒன்றிலிருந்து இரண்டு நாள்தான் தவறியது. இதுவரை பதினோராயிரத்து நானூறு சேர்ந்திருக்கிறது. ஐப்பசி மழையில் சவாரி இருக்காது, அப்போது வீட்டு வாடகைக்கு ஆகும்.

நம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டானே மணி, அவன் போன வாரம் கார் ஸ்டாண்டுக்கு வந்து ஐயாயிரம் கேட்டான். இல்லை என்றேன். நம்பவில்லை. எல்லார் முன்னாலும், "பொண்டாட்டி டப்பு அனுப்புது, அண்ணாத்தைக்கு இன்னா கொறச்சல்? குடுக்க மன்சு இல்லன்னு சொல்லு மச்சான்" என்றான். ஸ்டாண்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ரோஷம் வந்தது, போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு, "அது அவ காசு மச்சான், எங்காசு இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து மணி என்னோடு பேசுவதில்லை. அந்தப் பதிலை ஜனவரியிலேயே எனக்கு நானே சொல்லியிருக்க வேண்டும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சித்திரையில் மனைத் தவணை முடிந்துவிடும், ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாய். நானும் சரி என்றேன். என்னால் அது அடுத்த ஆவணிக்குப் போய்விட்டது. வருகிற பதினைந்தாம் தேதிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதால்தான் இதற்கு மேலும் என்னால் மறைக்க முடியவில்லை.

நீ சித்திரையில் வந்தால் கடைசி நாலு தவணையை என் வருமானத்தில் கட்ட வேண்டும். வாடகை, ஸ்கூல் பீஸ் போக மாதம் நாலாயிரம்போலத் துண்டு விழும். மார்கழி, தை சீசனில் சேர்த்து வைத்தால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். கட்டாயம் முடியும் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன். நீ அங்கேயே தங்கினால் கஷ்டமில்லாமல் முடியும். முடிவு உன்னுடையது. நான் செய்த தப்புக்காக மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே. அடுத்த மாதத்திலிருந்து என் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம், செங்கல்பட்டுக் கணக்கில் போடு. வருவதையும் போவதையும் நீயே உன் போனில் பார்க்கலாம்.

கீர்த்தனா அரைச் சாண் உயரம் வளர்ந்துவிட்டாள். யூனிபார்ம் பாவாடையைப் பிரித்து விடுவதற்கு மடிப்பு இல்லை, புதிது தைக்கக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் பரீட்சையில் எண்பத்தேழு மார்க்.

இதைப் படித்தபின் உனக்கு என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம். எத்தனை நாள் ஆனாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிள்ளைக்கு மட்டும் எப்போதும்போலக் கூப்பிட்டுவிடு. அவளுக்கு எதுவும் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போடச் சொல். நான் ஒன்றும் பேச மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சம்பத்