அரிசி ஆலையின் வடக்குச் சுவர்

கள்ளக்குறிச்சி
10.6.2025

அன்புள்ள மலர்விழிக்கு,

இடித்துவரும் பழைய அரிசி ஆலையின் வடக்குச் சுவருக்குள் நேற்று கிடைத்தவை ஓர் ஆணின் எலும்புகள். பரிசோதித்த மருத்துவர் இன்று காலை இதை என்னிடம் உறுதி செய்தார். போனில் சொல்லும் செய்தி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊரின் பழைய கட்டிடங்களைப் பற்றி எங்கள் நாளிதழில் எழுதிவருவதால் நானும் அங்கே இருந்தேன். அந்தச் சுவரில் அன்றைய ஆலை முதலாளி குங்குமத்தால் சூலம் வரைந்து வைத்திருந்தார். ஊரே கற்பூரம் ஏற்றியது.

உங்கள் அப்பா பச்சமுத்து அங்கே மூட்டை தூக்கியவர். 1988 ஆனியில் காணாமல் போனார். சுவர் எழுந்ததும் அதே ஆனிதான் என்கிறார் கொத்தனார் மாயவன். "நெல்லு அவிக்கிற கொப்பரை வெடிச்சுது சார். மறுநாளு சொவுரு கட்டுன்னாரு மொதலாளி. உள்ள இன்னா கீதுன்னு கேட்டிருந்தா நானும் உள்ளதான் இருந்திருப்பேன்." முதலாளி இறந்து பதினோரு வருடமாகிறது.

மரபணுச் சோதனைக்கு உங்கள் ரத்தம் தேவை. வருவீர்களா?

அன்புடன்,
அன்புச்செல்வன்

வெள்ளிமலை
20.6.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரத்தம் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் மலையேற ஐந்து நாளானது.

அப்பாதான் என்றால் அம்மா சடங்கு செய்ய விரும்புகிறாள். ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார் ராசு மறுக்கிறார். "ஒருத்தியோட கேரளாவுக்குப் பூட்டான்னு பேப்பர்லியே வந்துச்சே. தொரும்பு கிள்ளிப் போட்டாச்சு. அறுத்துவுட்டவளுக்கு இன்னா எழவு?"

உண்மைதான். அந்தப் பேப்பரை நடுவில் வைத்துக் கூட்டம் போட்டு, அப்பா இல்லாமலே துரும்பு கிள்ளி, கல்யாணத்தை முறித்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

அந்தச் செய்தியை எழுதியவர் யாரென்று விசாரித்துச் சொல்வீர்களா? உங்களுக்குப் பழைய ஆட்களைத் தெரியுமே.

தங்கள்,
ப. மலர்விழி

கள்ளக்குறிச்சி
28.6.2025

அன்புள்ள மலர்விழிக்கு,

நான்தான் எழுதினேன். நாலு வரி. முதலாளி சொல்லச் சொல்ல, அவர் மேசையிலேயே எழுதினேன். அன்று மலைக்கு இரண்டு பஸ் இருந்தன. ஏறி உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் கடிதத்தில் இதைச் சொல்லத் துணியவில்லை.

நேற்று நாலாம் பக்கத்தில், என் பெயரிலேயே திருத்தம் வந்திருக்கிறது. 'பச்சமுத்து ஓடிப்போனார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை' என்பது அதன் முதல் வரி. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வரலாமா?

அன்புச்செல்வன்

வெள்ளிமலை
6.7.2025

ஐயா,

திருத்தத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "இத நாட்டாரு கையில குடு. அந்தாளு வர வேணாம்னு எழுது. வந்தா வாங்கன்னு சொல்லணும். எனக்கு வாய் வராது."

நாட்டார் வாங்கிப் படித்தார். "மொதல்ல அவன்தானான்னு ரிப்போர்ட்டு வரட்டும்" என்கிறார். ஆய்வக முடிவு ஆகஸ்ட் பதினாலாம் தேதி வரும் என்று காவல் ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். நாங்களே கீழே வந்து வாங்கிக்கொள்கிறோம். நீங்கள் எழுத வேண்டாம். துரும்பு கிள்ளியது செல்லுமா, அம்மா அவருக்கு மனைவிதானா என்று முடிவு செய்ய, பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடுகிறது.

பச்சமுத்து மகள்
மலர்விழி